கை நடுங்கவில்லை

2010 டிசம்பரில் ஓர் இரவு, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ரோலிங் மில்லுக்குள் பதினோரு படங்கள் எடுத்தோம். பதினொன்றும் கெட்டுப்போயின. மறுநாள் காலை டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் நான் ஒரு வார்த்தை சொன்னேன்: "பையனுக்குக் கை நடுங்கிடுச்சு." அது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். இத்தனை வருடமாக அதை நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனிகள் அதிகம். பழைய இரும்பை உருக்கி பில்லெட் வார்ப்பவர்கள் ஒரு வகை. அந்த பில்லெட்டைச் சுடவைத்துக் கட்டடக் கம்பியாக இழுப்பவர்கள் இன்னொரு வகை. எங்கள் மில் இரண்டாவது வகை. பழைய மாதிரி மில் அது. ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் காய்ந்து சிவந்த கம்பி ரோலுக்குள்ளிருந்து பாய்ந்து வரும்போது, எதிரே நிற்பவர் அதை இடுக்கியால் கவ்வித் திருப்பி அடுத்த ரோலின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் கம்பி சுருண்டு காலில் விழும். அந்த இடுக்கியை இருபத்திரண்டு வருடம் பிடித்தவர் ஒருவர் எங்களோடு இருந்தார். கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம்.

நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். பேரிங், போல்ட், பெல்ட், கிரீஸ் எது வேண்டுமானாலும் வாங்கிவைப்பது என் வேலை. "அவர் வாங்கினா சரியா இருக்கும்" என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரால்தான் அந்த வருடம் பதினெட்டுப் பேர் தலைக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, ஒன்பதாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்தார்கள். மில்லுக்குப் பொதுவாக ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டும். செல்போனில் எடுத்தால் முகமே தெரியாத காலம் அது. ஆயுத பூஜை, பிரிவு உபசாரம், வீட்டில் காதுகுத்து, சீமந்தம் எதற்கும் முறை வைத்து ஆளுக்கொரு நாள் எடுத்துப்போகலாம் என்பது ஏற்பாடு.

பணம் கொடுத்த அன்றே மேஸ்திரி சொன்னார். "நான் வேலய உட்டுப் போறதுக்குள்ள மெஷினாண்ட நிக்க வச்சி ஒரு படம் எடுத்துக் குடுத்துடுங்கப்பா. இருவத்திரெண்டு வருசம் தாத்தா எங்க நின்னாருன்னு பேரப் பசங்க பாக்கட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒரு தேவையை யாரும் சொல்ல முடியாது. படம் எங்கே எடுக்க வேண்டும் என்று தெரியும்: மில்லுக்குள். என்ன வெளிச்சம் என்று தெரியும்: உலை வாயின் சிவப்பும், உயரத்தில் தூசி படிந்து தொங்கும் ரெண்டு மூன்று விளக்கும். யார் எடுப்பார் என்றும் தெரியும். பதினெட்டுப் பேரில் ஒரு பையன் இருந்தான். கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்தவன். அன்றைக்கு அதை அகதிகள் முகாம் என்பார்கள். 2021-இல் அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றியது. மில்லுக்கு ஒப்பந்தக் கூலியாக வருவதற்கு முன் அவன் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வருடம் உதவியாளாக இருந்தவன். எங்களில் கேமராவைப் பற்றி உள்ளபடி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் அவனைக் கேட்கவில்லை.

அவனாகவே ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து சொன்னான். "அண்ணை, உள்ளுக்க இருட்டு. ஆட்டம் பிடிக்காத மாதிரி லென்ஸில வசதி இருக்கிறதைப் பாத்து எடுங்கோ. மெகாபிக்ஸல் எத்தினை எண்டு பாக்காதேங்கோ." நான் சிரித்து அனுப்பிவிட்டேன். கூலிக்கு வருகிற பையன் ஸ்டோர்ஸ்காரனுக்குக் கொள்முதல் சொல்லித் தருகிறான் என்று நினைத்தேன்.

கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரிடமும் பேச்சு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "வெளிச்சத்துல எடுப்பீங்களா, இருட்டுல எடுப்பீங்களா?" என்பதுதான். கேனன் பவர்ஷாட் ஏ1100 ஐஎஸ் என்ற கேமராவைச் சொன்னார். 2009-இல் வந்தது. 12 மெகாபிக்ஸல், நான்கு மடங்கு சூம், கை ஆட்டத்தை லென்ஸே சமன் செய்யும் வசதி, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். "ராத்திரி சார்ஜ் தீர்ந்தாலும் பெட்டிக்கடையில பேட்டரி வாங்கிப் போட்டுக்கலாம் சார்" என்றார். கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று எனக்குள் ஓர் எண்ணம். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. என்னைவிட விவரம் தெரிந்தவர் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். ஒரு கடையில் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் சொன்னதும் இருந்தது. தடித்து, பழைய சோப்பு டப்பா மாதிரி இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மெலிந்து, பளபளவென்று, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 14 மெகாபிக்ஸல், 5 மடங்கு சூம் என்று போட்டிருந்தது. இரண்டும் எங்கள் பணத்துக்குள் அடங்கின. நான் பளபளப்பை வாங்கினேன். மீதிப் பணத்தில் ஒரு தோல் உறை வாங்கினேன். சிறிய ட்ரைபாட் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அதற்கும் பணம் இருந்தது. வேண்டாம் என்றேன்.

ஏன் அதை வாங்கினேன்? இரண்டு காரணம். முதலாவது, "பதினாலு" என்று சொல்லிக்கொண்டு மில்லுக்குள் நுழைய ஆசைப்பட்டேன். இரண்டாவது காரணத்தை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வரும். நம் நாட்டில் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. என் வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேமராவை நான் எடுத்துப்போகலாம், சூம் கூடுதலாக இருந்தால் பூநாரை கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். பதினெட்டுப் பேர் பணத்தில், மேஸ்திரி கேட்ட படத்துக்காக வாங்கப் போன பொருளை, என் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ரூபாய் நான் திருடவில்லை. பில் பைசா சுத்தமாக இருந்தது. ஆனாலும் அது கையாடல்தான்.

அந்தப் பூநாரையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து மடங்கு சூம் அந்த ஏரிக்கு எந்த மூலைக்கும் போதாது. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன.

ஆயுத பூஜை அன்று பட்டப்பகலில் முற்றத்தில் வைத்து எடுத்த படங்கள் அழகாக வந்தன. பொட்டு வைத்த இடுக்கி, பூசணிக்காய் உடைக்கும் மேஸ்திரி. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான் என்பது எனக்கு அன்று தெரியாது. பாராட்டு மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

டிசம்பரில் மேஸ்திரிக்குக் கடைசி ஷிப்ட். இரவு ஷிப்ட். மில்லுக்குள் கேமரா கொண்டுபோக மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். இரண்டு மணிக்கு ரோல் மாற்ற நிறுத்துவார்கள். அப்போது பத்து நிமிடம். மேஸ்திரி சட்டை மாற்றிக்கொள்ளவில்லை. வேலை உடுப்போடுதான் நிற்பேன் என்றார். இடுக்கியைக் கையில் பிடித்தபடி, ரோல் ஸ்டாண்டுக்கு முன்னால், தான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார்.

முதலில் ஃபிளாஷ் போட்டோம். அந்த மாதிரிச் சின்ன கேமராவின் ஃபிளாஷ் சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். நாங்கள் நின்ற மஞ்சள் கோட்டுக்கும் அவருக்கும் பத்துப் பன்னிரண்டு தப்படி. ஃபிளாஷ் வெளிச்சம் அவரிடம் போய்ச் சேரவில்லை. நடுவில் மிதந்த இரும்புத் தூசியில் பட்டுத் திரும்பிப் பனி பெய்த மாதிரி வெள்ளை வெள்ளையாக விழுந்தது. நாலு படம் அப்படிப் போயின.

பையன் ஃபிளாஷை அணைத்தான். "அண்ணை, சூம் இழுக்காமல் எடுப்பம். மெஷினும் சேர்ந்து விழும். அந்த ஸ்டூலைக் கொண்டாந்து அதுக்கு மேல வச்சு டைமர் போட்டா ஆடாது" என்றான். நான் என்ன சொன்னேன் என்பது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "எதுக்கு அஞ்சு மடங்கு சூம் வாங்கியிருக்கு? முகத்தை நெருக்கி எடு. பதினாலு மெகாபிக்ஸல், தானா வரும்." அவன் சூமை முழுக்க இழுத்தான். ஏழு படம் எடுத்தான். பத்து நிமிடம் முடிந்தது. சின்னத் திரையில் பார்க்கும்போது ஏதோ வந்திருப்பதுபோல் இருந்தது.

காலையில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சிவப்புத் தீற்றலுக்கு நடுவில் ஒரு கறுப்புத் தீற்றல். அவ்வளவுதான் மேஸ்திரி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணை அள்ளித் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது.

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பைச் சேர்த்து எழுதிவைக்கும். படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டி உள்ளே போனால் எல்லாம் தெரியும். நான் போய்ப் பார்த்தேன். ஷட்டர் கால் நொடி திறந்திருந்தது. லென்ஸ் எஃப் 5.9. ஐஎஸ்ஓ 800. சூம் முழு நீளம், பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 140 மில்லிமீட்டர்.

இதன் பொருள் தெரிய ஒரு வாரமாவது ஆனது என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. அது உண்மையில்லை. ஆயுத பூஜைப் படங்களைப் பெரிதாகப் போட லேபுக்குப் போயிருந்தபோதே அங்கிருந்தவர் எனக்கு அந்தக் கணக்கைச் சொல்லியிருந்தார். கையில் பிடித்து எடுப்பதானால் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, நொடியில் அத்தனையில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். 140 மில்லிமீட்டருக்கு நொடியில் நூற்று நாற்பதில் ஒரு பங்கு. கால் நொடி என்பது அதைப்போல் முப்பத்தைந்து மடங்கு நீளம். உலகத்தில் எவர் கையும் 140 மில்லிமீட்டர் லென்ஸைக் கால் நொடி ஆடாமல் பிடிக்காது. அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு இது தெரிந்தது. பையன் சொன்னபடி சூம் இழுக்காமல் எடுத்திருந்தால் லென்ஸ் எஃப் 2.8 வரை திறந்து நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கும். ஸ்டூல் மேல் வைத்திருந்தால் ஆட்டமே இருந்திருக்காது. மேஸ்திரி கேட்டதும் முகத்தை மட்டும் அல்ல, மெஷினோடுதான் கேட்டார்.

அந்த ஜன்னலை மூடிவிட்டு டீக்கு எழுந்து போனேன். "என்னாச்சுண்ணே, படம் வந்துச்சா?" என்று கேட்டார்கள். என் முன்னால் பதினைந்து பதினாறு பேர். பையனும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

சிலர் சிரித்தார்கள். ஒருவர், "ஏம்பா, பெருசு கடைசி நாளாச்சே, கொஞ்சம் கெட்டியா புடிக்கக் கூடாதா?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். என்னிடம் கேமரா இருந்தது, படம் இருந்தது, கணக்கு இருந்தது. அவனிடம் எதுவும் இல்லை. "சரி அண்ணை" என்று மட்டும் சொன்னான்.

ஏன் அவன் மறுத்துப் பேசவில்லை என்பதை நான் அப்போதே அறிவேன். முகாமிலிருந்து வருபவர்களுக்கு வேலை நிரந்தரம் இல்லை. முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் ஆள் அங்கே நின்றாக வேண்டியிருந்தது. அன்றைக்கு லீவு கொடுப்பது நாங்கள்தான். ஸ்டோர்ஸ்காரனோடு சண்டை என்று ஒரு சொல் ஒப்பந்தக்காரர் காதுக்குப் போனால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அவன் பதில் பேச மாட்டான் என்று என் மனத்தின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்ட பிறகுதான் என் வாய் திறந்தது. கூடவே அவனும் ஐந்நூறு ரூபாய் போட்டவன். எங்களில் சிலருக்கு ஐந்நூறு ஒரு செலவு. அவனுக்கு அது சில நாள் கூலி.

மேஸ்திரிக்கு ஆயுத பூஜைக் கும்பல் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, "மெஷினாண்ட எடுத்தது வர்லியா?" என்று கேட்டார். "வரலை மேஸ்திரி" என்றேன். "போவுது உடு" என்றார். பின்னால் அந்த மில்லை மாற்றிக் கட்டினார்கள். இப்போது கம்பி தானாகவே ரோலுக்கு ரோல் போகிறது. இடுக்கி பிடிக்கும் வேலை அங்கே இல்லை. அந்தப் படத்தை இனி யாரும் எடுக்க முடியாது.

பையன் அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. நீட்டினால், "வேண்டாம் அண்ணை, கை ஆடும்" என்பான். அதை அவன் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அப்படியே நம்பத் தொடங்கிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. சில மாதத்தில் பெயின்டிங் வேலைக்குப் போய்விட்டான்.

இதை இப்போது எழுத வைத்தவள் என் மகள். கல்லூரியில் படிக்கிறாள். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு சின்ன கேமரா வேண்டும் என்று போன மாதம் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பேர் தெரியாத கம்பெனி. 64 மெகாபிக்ஸல், 16 மடங்கு சூம் என்று போட்டிருந்தது. "நீங்கதானப்பா இதெல்லாம் பாத்து வாங்குவீங்க, சொல்லுங்க" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அவளிடம் முதலில் இந்தக் கதையைச் சொன்னேன். பிறகு தெரிந்ததைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்ட் நேர்த்தியாக வர, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்று வைத்தாலும் ஆயிரத்து எண்ணூறுக்கு ஆயிரத்து இருநூறு, மொத்தம் 21,60,000 புள்ளிதான் வேண்டும். இரண்டு மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல். நான் வாங்கியதில் ஒரு கோடியே நாற்பது லட்சம் புள்ளி இருந்தது. அத்தனையும் உட்கார்ந்திருந்த சென்சார், அந்த விலையில் அன்று வந்த எல்லா கேமராவிலும் இருந்ததுபோல், ஆறு மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பழைய ஃபிலிமின் ஒரு கட்டம் அதைப்போல் முப்பது மடங்கு பரப்பு. பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிப்பவரைக் கேட்டால் சொல்வார்: நெருக்கி நட்டால் நாற்று கூடும், கதிர் கூடாது. சென்சாரின் நிலம் வளராமல் புள்ளியை மட்டும் கூட்டினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். இருட்டில் அதை ஈடுகட்ட கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றும். ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும். மேஸ்திரி முகத்தில் விழுந்த மண் அதுதான்.

1975-இல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் பத்தாயிரம் புள்ளிதான் இருந்தது. அங்கிருந்து ஒரு மெகாபிக்ஸலுக்கும் இரண்டுக்கும் வரும்வரை அந்த எண் கூடியது உண்மையான முன்னேற்றம். அதற்குப் பிறகும் அதே எண்ணைப் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டு விற்றார்கள். என்னைப் போன்றவர்கள் வாங்கினோம். நான் வாங்கிய 2010-தான் உலகில் டிஜிட்டல் கேமரா மிக அதிகமாக விற்பனைக்குப் போன ஆண்டு. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 12 கோடிக்கும் மேல். பெரும்பாலானவை சின்ன கேமராக்கள். 2023-இல் எல்லா வகையும் சேர்ந்து 80 லட்சம்கூட இல்லை.

ஸ்டோர்ஸில் இருந்த எனக்கு இது தெரியாமல் போனதற்கு மன்னிப்பே கிடையாது. 6205 என்ற பேரிங் 25 மில்லிமீட்டர் தண்டுக்கு. 6208 என்பது 40 மில்லிமீட்டருக்கு. எண் பெரிது என்று 6208-ஐ வாங்கிவந்து 25 மில்லிமீட்டர் தண்டில் மாட்டுகிறவனை நான் ஒரு நாள் ஸ்டோர்ஸில் வைத்திருக்க மாட்டேன். எந்தத் தண்டுக்கு என்று கேட்டுத்தான் பேரிங் வாங்குவேன். எந்த இடத்துக்கு என்று கேட்காமல் கேமரா வாங்கினேன்.

ஆகவே குறைந்த பணத்தில் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே எடுக்கப் போகிறோம், எந்த வெளிச்சத்தில், யார் எடுப்பார். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். சூம் என்றால் லென்ஸே நீண்டு இழுக்கும் சூம் எவ்வளவு என்று கேளுங்கள். டிஜிட்டல் சூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எஃப் எண் சூம் இழுக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஏற ஏற இருட்டு. ஆட்டம் பிடிக்கும் வசதி லென்ஸிலோ சென்சாரிலோ இருக்கிறதா, வெறும் ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளிப்பதா என்று கேளுங்கள். கடையிலேயே ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் இருட்டாக இருக்கும் இடத்தை ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட அந்த ஒரு படம் உங்களுக்கு அதிகம் சொல்லும். மிச்சப் பணத்தில் தோல் உறை வேண்டாம். மூன்று காலுள்ள ஒரு சின்ன ட்ரைபாட் வாங்குங்கள்.

இப்போது பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் பேர் தெரியாத புதுக் கேமராக்களில் 48, 64 என்று போட்டிருக்கும் எண் பெரும்பாலும் இல்லாத புள்ளியை நடுவில் இட்டு நிரப்பிக் காட்டுவது. அதைவிட உங்கள் பையில் இருக்கும் நல்ல போன் மேல். இல்லை, கேமராதான் வேண்டும் என்றால், பேர் பெற்ற கம்பெனியின் பழைய கேமராவை நேரில் பார்த்து வாங்கலாம். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா, லென்ஸ் சத்தமில்லாமல் நீண்டு மடங்குகிறதா என்று பாருங்கள். எஸ்டி கார்டு போடுகிற கேமராவா என்று கேளுங்கள். எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் போடுகிற பழைய கேமராவுக்கு இன்று கார்டு தேடி அலைய வேண்டியிருக்கும். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் உள்ளே அழுக்குப் பிடித்திருந்தால் கறையாகக் காட்டிவிடும். மகளுக்கு அப்படித்தான் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை அவள் கேட்கிறாள், அவள் தேர்ந்தெடுப்பாள்.

மகளிடம் சொல்லி முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த அண்ணன்கிட்ட சொன்னீங்களா?" ஒரு முறை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவனைப் பார்த்திருக்கிறேன். நலம் விசாரித்தேன். ரயில் வந்தது. சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள். சுவருக்குச் சாயம் பூசும் வேலையில் நாலு பேரை வைத்து நடத்துகிறார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கால் நொடி, எஃப் 5.9, 140 மில்லிமீட்டர் எல்லாம் சொன்னேன். பூநாரையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. கொஞ்ச நாள் போக எனக்கே சந்தேகம் வந்திட்டுது. நீங்க எனக்குச் சொன்னது காணாது. அண்டைக்கு அங்க நிண்டவைக்குச் சொல்லுங்கோ."

அவர் கேட்டது நியாயம். எல்லார் முன்னாலும் சொன்ன பொய்யைத் திண்ணையில் இரண்டு பேருக்கு நடுவில் திருப்பி வாங்க முடியாது. அன்று டீ கிளாஸோடு நின்றவர்களில் சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் வேறு கம்பெனியில் இருக்கிறார்கள். யார் கையில் இந்தப் பக்கம் கிடைத்தாலும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். மேஸ்திரியின் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் தாத்தா மெஷின் முன்னால் நின்ற படம் உங்கள் வீட்டில் இல்லாததற்குக் காரணம் நான். தவறான கேமராவை வாங்கியவன் நான். சூமை இழுக்கச் சொன்னவன் நான். அந்தத் தம்பிக்குக் கை நடுங்கவில்லை.